செவிக்கும் ஒரு வகுப்பு வேண்டும்!

கண்ணுக்கு ஓவிய வகுப்பு உண்டு. கைக்குத் தையல் வகுப்பு உண்டு. காலுக்கு விளையாட்டுத் திடல் உண்டு. நாவுக்குப் பேச்சுப் போட்டி உண்டு. ஆனால் செவிக்கு? "காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள்" என்று ஆசிரியைகள் நாள்தோறும் நமக்கு அறிவுரை கூறுகின்றனர். அதைத் தீட்டுவது எப்படி என்று எந்த வகுப்பிலும் கற்றுத் தரப்படுவதில்லை. பாட்டு வகுப்பு இருக்கிறதே என்பீர்கள். பாட்டு வகுப்பு நமக்குப் பாட்டைக் கேட்கக் கற்றுத் தருகிறது. காலை மணி முதல் மாலை மணி வரை நம்மைச் சூழ்ந்து நிற்கும் ஆயிரம் ஓசைகளைக் கேட்கக் கற்றுத் தருவதில்லை.

இக்குறையைப் போக்க ஒரு வழியை முன்வைக்கவே நாங்கள் இக்கட்டுரையை எழுதுகிறோம். வீடியோ கேம்களில் வரும் அனிமேஷன் காட்சிகளுக்கு ஒலி அமைக்கும் கலையை மாணவியர்க்குக் கற்றுத் தர வேண்டும் என்பதே எங்கள் கருத்து. "வீடியோ கேம்" என்ற சொல்லைக் கண்டதும் பெற்றோர் பலர் புருவத்தை நெரிப்பார்கள் என்பதை நாங்கள் அறிவோம். சற்றுப் பொறுத்து, முழுவதையும் படித்த பின் தீர்ப்புக் கூறுமாறு பணிவன்புடன் வேண்டுகிறோம்.

ஓசைகள் பிறந்த கதை

திரையில் ஒரு குதிரை ஓடுகிறது. குளம்பொலி கேட்கிறது. அது குதிரையின் ஒலிதான் என்று நாம் நம்பிவிடுகிறோம். ஆனால் நெடுங்காலமாக அவ்வொலியைத் தந்து வருவது இரண்டு கொட்டாங்கச்சிகளே! ஊமைப்படம் பேசும் படமாக மாறிய காலத்தில், அமெரிக்காவின் யுனிவர்சல் படப்பிடிப்பு நிலையத்தில் ஜாக் ஃபோலி என்பவர் பணியாற்றினார். நடிகர்களின் காலடி ஓசை, ஆடையின் சரசரப்பு, கதவு சாத்தும் ஓசை ஆகியவற்றைப் படத்தைப் பார்த்துக்கொண்டே அவர் தனியே எழுப்பிப் பதிவு செய்தார். இன்றும் இக்கலை அவர் பெயராலேயே ஃபோலி என்று அழைக்கப்படுகிறது. தோல் பையில் சோளமாவை நிரப்பி அழுத்தினால் பனியில் நடக்கும் ஓசை. தோல் கையுறைகளைப் படபடவென அடித்தால் பறவை சிறகடிக்கும் ஓசை. கண்ணாடித் தாளைக் கசக்கினால் தீ எரியும் ஓசை.

1954-ல் ஜப்பானில் வெளிவந்த காட்ஜில்லா படத்தில் வரும் பூதவிலங்கின் கர்ஜனை எந்த விலங்கின் குரலும் அன்று. இசையமைப்பாளர் அகிரா இஃபுகுபே, டபுள் பாஸ் என்னும் பெரிய நரம்பு வாத்தியத்தின் தளர்த்திய தந்தியைப் பிசின் தடவிய தோல் கையுறையால் உரசி எழுப்பிய ஒலியே அது. 1977-ல் வந்த ஸ்டார் வார்ஸ் படத்தின் ஒளிவாளுக்கு, பழைய திரைப்படக் கருவியின் மோட்டார் இரைச்சலையும் தொலைக்காட்சிப் பெட்டியின் இரைச்சலையும் கலந்து ஒலி தந்தார் பென் பர்ட்.

வீடியோ கேம்களின் கதை இன்னும் சுவையானது. 1972-ல் அட்டாரி நிறுவனம் பாங் என்னும் விளையாட்டை வெளியிட்டது. ஆடுபவர் புள்ளி எடுக்கும்போது கூட்டத்தினரின் ஆரவாரம் கேட்க வேண்டும் என்று மேலிடத்தில் விரும்பினார்களாம். அதை அமைத்த பொறியாளர் ஆலன் ஆல்கார்னிடம் அதற்கான உறுப்புகள் இல்லை. இருந்த மின்சுற்றிலேயே ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த அதிர்வுகளைத் தேடி எடுத்து, அவற்றையே 'பிங்' என்று ஒலிக்கச் செய்தார். இல்லாததை எண்ணி ஏங்காமல், இருப்பதைக் கொண்டு செய்து முடித்த அந்த ஒலி உலகப் புகழ் பெற்றது. 1978-ல் ஜப்பானில் வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸ் விளையாட்டில் நான்கே நான்கு தாழ்ந்த சுரங்கள் மீண்டும் மீண்டும் ஒலிக்கும். பகைவர் குறையக் குறைய அவற்றின் வேகம் கூடும். ஆடுபவரின் நெஞ்சும் உடன் படபடக்கும். நான்கு சுரங்களால் ஒரு மனிதரை அச்சுறுத்த முடியும் என்றால் ஒலியின் ஆற்றல் எத்தகையது!

இத்துறை ஆண்களுக்கே உரியது என்று எண்ணும் தோழியர்க்கும் ஒரு செய்தி. 1980-ல் ஜெனான் என்னும் மின்னணுப் பின்பால் விளையாட்டுக்கு ஒலி அமைத்ததோடு குரலும் கொடுத்தவர் சுசான் சியானி என்னும் பெண்மணி. 1984-ல் தி டவர் ஆஃப் ட்ருவாகா விளையாட்டுக்கு இசை அமைத்தவர் ஜுன்கோ ஓசாவா. இவரும் பெண்மணியே.

திரைப்படம் வேறு, விளையாட்டு வேறு

திரைப்படத்தில் ஒரு நொடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. கதாநாயகி எத்தனை அடி வைப்பாள், எப்போது கதவைத் திறப்பாள் என்பது முன்னரே முடிவாகிவிட்டது. ஆகவே ஒலியைப் படத்தோடு ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது. விளையாட்டில் அப்படியன்று. ஆடுபவர் ஓடலாம், நிற்கலாம், திரும்பலாம், ஒரே இடத்தில் நூறு முறை குதிக்கலாம். எனவே அங்கே ஒலி அமைப்பவர் ஓசையை மட்டும் உண்டாக்கினால் போதாது. "இது நடந்தால் இவ்வொலி, மணலில் நடந்தால் ஒன்று, கல்லில் நடந்தால் வேறொன்று, நெருங்கினால் பெரிதாக, விலகினால் சிறிதாக" என்று விதிகளையும் வகுக்க வேண்டும். ஒரே காலடி ஓசையை நூறு முறை ஒலித்தால் அது நடையாகத் தோன்றாது, ஆணி அடிப்பது போலத் தோன்றும். ஆகவே நான்கைந்து காலடிகளைப் பதிவு செய்து, சுருதியைச் சற்றே ஏற்றி இறக்கி, மாற்றி மாற்றி ஒலிக்கச் செய்கிறார்கள்.

இதைக் கற்கும்போது மாணவி எவற்றைக் கற்கிறாள் என்று எண்ணிப் பாருங்கள்! ஓசையைத் தேடும்போது பொருள்களின் இயல்பு. பதிவு செய்யும்போது இயற்பியல். விதி வகுக்கும்போது கணினி நிரல். ஆடுபவரின் இடத்தில் தன்னை வைத்துப் பார்க்கும்போது பிறர் உள்ளம். ஒரு வேலையில் நான்கு பாடங்கள் அன்றோ!

தமிழ்ப் பெண்களாகிய நமக்கு இக்கலை புதியதும் அன்று. இலக்கண வகுப்பில் இரட்டைக்கிளவி படிக்கிறோம். 'சலசல' என்றால் நீர் ஓடுகிறது. 'சரசர' என்றால் சருகு அசைகிறது. ஓர் எழுத்து மாறியதும் நீர் சருகாகிவிட்டது! 'தடதட' என்றால் யாரோ ஓடுகிறார்கள். 'நறநற' என்றால் யாரோ பல்லைக் கடிக்கிறார்கள். எந்தப் பொருள், என்ன வேகம், எத்தகைய மனநிலை என்பதையெல்லாம் நம் மொழி ஓசையாலேயே சொல்லி வைத்திருக்கிறது. அவற்றைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்கிறோமே தவிர, காதால் கேட்டுப் பார்ப்பதில்லை.

நாங்கள் செய்து பார்த்தோம்

வெறும் ஏட்டுச் சுரைக்காயாகப் பேச விரும்பாமல், சென்ற அரைப்பரீட்சை விடுமுறையில் நாங்கள் ஆறு பேர் கூடி ஒரு சிறு விளையாட்டைச் செய்து பார்த்தோம். அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தார் 2007-ல் மாணவர்களுக்காக வெளியிட்ட ஸ்க்ராட்ச் என்னும் நிரலைப் பயன்படுத்தினோம். அது இலவசமாகவே கிடைக்கிறது. ஒரு சிறுமி தெருக்குழாயில் நீர் பிடித்து, இடுப்பில் குடத்துடன் வீடு சேர வேண்டும். வழியில் ஒரு குழி, ஒரு நாய், ஒரு பாழுங்கிணறு. நீர் சிந்தாமல் போய்ச் சேர்ந்தால் வெற்றி. படம் வரைய மூன்று நாள் ஆயிற்று. ஒலி அமைக்க மூன்று வாரம் ஆயிற்று!

முதலில் மழை வேண்டும் என்று எண்ணினோம். மழை பெய்த அன்று தாழ்வாரத்தில் நின்று கைப்பேசியில் பதிவு செய்தோம். போட்டுக் கேட்டால் எண்ணெய்ச் சட்டியில் அப்பளம் பொரிவது போல இருந்தது! சிரித்துவிட்டு, மறுநாள் ஒரு தோழியின் வீட்டில் அப்பளம் பொரித்ததைப் பதிவு செய்தோம். கண்ணை மூடிக் கேட்டால் அசல் மழை! காது நம்புவது ஒன்று, உண்மையில் நிகழ்வது வேறொன்று என்பதை அன்று அறிந்தோம்.

அடுத்து, குடம் கீழே விழும் ஓசை. எவர்சில்வர் தட்டைத் தரையில் போட்டுப் பதிவு செய்தோம். படத்தில் இருந்ததோ நீல நிறப் பிளாஸ்டிக் குடம்! பார்த்தவர் அனைவரும் நகைத்தனர். அதன் பின் ஓசை தவறான நேரத்தில் வந்தது. குடம் விழுந்து நீர் ஓடிய பிறகுதான் 'டொக்' என்று கேட்டது. பதிவின் தொடக்கத்தில் கால் நொடி வெறுமை இருந்ததே காரணம். ஆடாசிட்டி என்னும் இலவச நிரலில் அதை வெட்டியதும் ஓசை படத்தோடு சேர்ந்துகொண்டது. கால் நொடி என்பது எவ்வளவு நீண்ட காலம் என்பதை அதற்கு முன் நாங்கள் எண்ணிப் பார்த்ததே இல்லை.

பாழுங்கிணற்றில் கல் விழுந்தால் எதிரொலி வர வேண்டும் என்று ஒருத்தி கூறினாள். அப்போதுதான் ஒலியியல் பாடம் நினைவுக்கு வந்தது. ஓர் ஒலி நம் செவியில் 0.1 நொடி நிலைக்கிறது. ஒலியின் வேகம் நொடிக்கு 344 மீட்டர் எனக் கொண்டால், எதிரொலி தனியாகக் கேட்கச் சுவர் குறைந்தது 17.2 மீட்டர் தொலைவில் இருக்க வேண்டும். எங்கள் கிணறோ அந்தச் சிறுமியைப் போல ஐந்து மடங்கு ஆழம்தான். ஆகவே அங்கே வர வேண்டியது எதிரொலி அன்று, எதிர்முழக்கமே என்று முடிவு செய்தோம். அந்த 17.2-ஐ இனி எந்தத் தேர்விலும் நாங்கள் மறக்கப்போவதில்லை.

பள்ளியின் பண்டக அறையில், பாய்களுக்கும் பழைய திரைச்சீலைகளுக்கும் நடுவே அமர்ந்து பதிவு செய்தோம். துணிகள் எதிரொலியை உறிஞ்சிவிடும் என்பதால் அவ்விடத்தைத் தேர்ந்தோம். நாய் போல ஒருத்தி குரைக்க, மற்றவர்கள் சிரிப்பை அடக்க முடியாமல் தவிக்க, கதவைத் திறந்துகொண்டு சிஸ்டர் வந்து நின்றார்கள். "என்னம்மா இங்க ரகளை?" என்றார்கள். நடுங்கிக்கொண்டே விஷயத்தைச் சொன்னோம். அவர்கள் கண்களை மூடிக்கொண்டு முழுவதையும் கேட்டார்கள். "நாய் நல்லா இருக்கு. ஆனா அது கோபமா குரைக்குதா, பசியா குரைக்குதா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அந்த ஒரு கேள்விக்கு விடை காண எங்களுக்கு இரண்டு நாள் பிடித்தது!

எல்லாம் முடிந்தது என்று நாங்கள் மகிழ்ந்திருந்த வேளையில்தான் உண்மையான பரீட்சை வந்தது. எங்கள் குழுவில் ஒரு தோழியின் தம்பிக்கு 11 வயது. பிறவியிலேயே கண்பார்வை இல்லை. "நானும் விளையாடறேன்" என்று வந்து அமர்ந்தான். விசைகளைக் காட்டிக் கொடுத்தோம். இரண்டடி நடந்தான், குழியில் விழுந்தான். மறுபடி நடந்தான், நாயின் மீது மோதினான். நான்கு முறை தோற்ற பின் அவன் கூறினான்: "அக்கா, எல்லாமே 'டொப்'புன்னுதான் கேக்குது. குழி எங்க இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மூன்று வாரமாக அழகான ஓசைகளைச் சேர்த்திருந்தோமே தவிர, அவற்றால் எதையும் சொல்லவில்லை! எங்கள் கண்கள் பார்த்துக்கொண்டே இருந்ததால் அக்குறை எங்களுக்குத் தெரியவில்லை.

மீண்டும் தொடங்கினோம். குழியை நெருங்கும்போது மண்பானைக்குள் ஊதியது போன்ற காற்றொலி மெல்ல எழுந்து பெரிதாகும்படி செய்தோம். நாய் இடப்புறம் இருந்தால் இடக் காதிலும், வலப்புறம் இருந்தால் வலக் காதிலும் கேட்கும்படி அமைத்தோம். கல்லுக்கும் மணலுக்கும் காலடியைப் பிரித்தோம். குடத்தில் நீர் குறையக் குறையத் தளும்பும் ஓசையும் குறையும்படி விதி வகுத்தோம். மறுபடி அவனை அழைத்தோம். ஆறு முறை விழுந்தான். ஏழாம் முறை வீடு போய்ச் சேர்ந்தான். நாங்கள் கைதட்டினோம். அவனோ கைதட்டலைக் கவனிக்காமல், "குடத்துல பாதித் தண்ணிதான் இருக்கு, இல்ல?" என்றான். அதை யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. எங்கள் ஓசை சொல்லியிருந்தது.

இது எங்கள் கண்டுபிடிப்பு என்று நாங்கள் பெருமை பேசவில்லை. 1997-லேயே ஜப்பானில் கென்ஜி எனோ என்பவர், பார்வையற்றோரும் மற்றோரும் ஒருங்கே ஆடுவதற்கென, படமே இல்லாமல் ஒலியால் மட்டும் நடக்கும் விளையாட்டு ஒன்றை வெளியிட்டார். 2020-ல் வந்த தி லாஸ்ட் ஆஃப் அஸ் இரண்டாம் பாகம் என்னும் பெரியோர்க்கான விளையாட்டில், குறையுடையோர்க்கு உதவும் அமைப்புகள் 60-க்கும் மேல் இருந்தன. அவற்றுள் பல ஒலியால் வழிகாட்டுபவை. செய்ய மனம் இருந்தால் வழி உண்டு என்பதற்கு இவையே சான்று.

பெற்றோர் கேட்கக்கூடிய கேள்விகள்

"பிள்ளைகள் ஏற்கெனவே கைப்பேசியும் கையுமாக இருக்கிறார்கள். பள்ளியும் கேம் சொல்லிக் கொடுக்க வேண்டுமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வியே. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஏற்றுக்கொண்ட நோய்ப் பட்டியலில் விளையாட்டு அடிமைத்தனமும் இடம்பெற்றுள்ளது. இதை நாங்கள் மறைக்கவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஒரு காசை எடுத்ததும் 'டிங்' என்று இனிய ஓசை கேட்கிறது. இன்னொரு காசை எடுக்கக் கை தானே நீளுகிறது. அந்த ஓசையை ஒருவர் வேண்டுமென்றே அமைத்திருக்கிறார் என்பது ஆடுபவருக்குத் தெரியாது. அதைத் தானே செய்து பார்த்தவளுக்குத் தெரியும். வித்தைக்காரனின் கைக்குள் இருக்கும் நாணயத்தைப் பார்த்துவிட்டவளை அவ்வளவு எளிதாக ஏமாற்ற முடியாது. தடை செய்வதால் வரும் பாதுகாப்பை விட அறிந்துகொள்வதால் வரும் பாதுகாப்பே நிலைக்கும் என்பது எங்கள் எண்ணம்.

"பத்தாம் வகுப்பில் இதற்கு நேரம் ஏது?" பத்தாம் வகுப்புக்கு வேண்டாம், இதை நாங்களே ஒப்புக்கொள்கிறோம். எட்டாம், ஒன்பதாம் வகுப்புத் தங்கைகளுக்கு வாரம் ஒரு மணி நேரம் கிடைத்தால் போதும்.

"செலவு?" எங்களுக்கு ஆன செலவு அப்பளத்தின் விலைதான்!

"இதனால் பிழைக்க முடியுமா?" எல்லோரும் ஒலி அமைப்பாளர் ஆகப்போவதில்லை. தையல் கற்ற எல்லோரும் தையற்காரர் ஆனார்களா? ஆயினும் ஒன்று சொல்வோம். கேரளத்தில் பிறந்த ரசூல் பூக்குட்டி 2009-ல் ஒலிக்கலவைக்காக ஆஸ்கார் விருதைப் பகிர்ந்துகொண்டார். கேட்கத் தெரிந்தவருக்கும் உலகில் மேடை உண்டு.

நாங்கள் வேண்டுவது

பன்னிரண்டு வாரப் பயிற்சி போதும். முதல் மூன்று வாரம் கருவியே வேண்டாம். புங்க மரத்தடியில் கண்ணை மூடி அமர்ந்து, கேட்ட ஓசைகளை எழுதினால் போதும். அடுத்த மூன்று வாரம் சமையலறைப் பொருள்களைக் கொண்டு ஓசை எழுப்புதல். பிறகு பதிவு செய்தலும் வெட்டி ஒட்டுதலும். அதன் பின் ஸ்க்ராட்சில் படத்தோடு சேர்த்து விதி வகுத்தல். கடைசி வாரம், திரையை ஒரு துணியால் மூடிவிட்டு ஒருவர் செய்ததை மற்றவர் ஆடிப் பார்த்தல். துணி மூடிய திரையில் வழி தெரிந்தால்தான் ஒலி சரி.

இணையத்தில் பிறர் பதிவு செய்த ஓசைகளும் கிடைக்கின்றன. 2005-ல் ஸ்பெயினின் பார்சிலோனாவில் உள்ள பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பெற்ற ஃப்ரீசவுண்ட் என்னும் களஞ்சியம் அத்தகையது. அங்கும் ஒவ்வோர் ஓசைக்கும் உரிமை நிபந்தனை உண்டு. பதிவு செய்தவரின் பெயரைக் குறிப்பிடச் சொல்வனவும் பல. கிடைக்கிறதே என்று அள்ளிக்கொள்ளாமல், உரியவருக்கு நன்றி கூறி எடுக்கும் நேர்மையையும் இப்பயிற்சியிலேயே கற்கலாம்.

ஒரே ஒரு வேண்டுகோள்: இதற்கு மதிப்பெண் இட வேண்டாம். மதிப்பெண் வந்தால் "எந்த ஓசை தேர்வுக்கு வரும்?" என்று கேட்கத் தொடங்கிவிடுவோம். அன்றே செவி மூடிக்கொள்ளும்.

அன்புத் தோழியரே! ஆண்டு முடிந்து இப்பள்ளியை விட்டு நாங்கள் செல்லும் நாள் நெருங்குகிறது. மாலை மணி அடித்து ஓயும் நேரத்தில் ஒரு நிமிடம் படிக்கட்டில் நின்று கேட்டுப் பாருங்கள். மணியின் ரீங்காரம், பிறகு செருப்புகளின் தடதடப்பு, பிறகு மிதிவண்டிகளின் மணி, கடைசியாகக் காவலர் தாத்தா இழுத்துச் சாத்தும் இரும்புக் கதவின் 'கிறீச்'. இத்தனை ஆண்டுகள் இங்கே படித்தும் இவற்றை இவ்வாண்டுதான் நாங்கள் கேட்டோம். உங்களுக்கு அவ்வளவு காலம் ஆக வேண்டாம்.

– பத்தாம் வகுப்பு மாணவி